எங்கள் கிணற்று நிறத்துக்குக் கிடைத்த மரியாதை

என் பெயர் அந்தோணி. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஷேடு பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அளவு தோல் துண்டு ஒன்றை அனுப்பி, இதே நிறத்தில் ஆயிரம் தோல் வேண்டும் என்பான். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எந்தச் சாயம் எவ்வளவு சேர்த்தால் அந்த நிறம் வரும் என்று சொல்வது என் வேலை. அதற்கு மெஷினும் இருக்கிறது. மெஷின் சொன்ன பிறகும் எங்கள் முதலாளி உமர் ஃபாரூக் பாய் என்னைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துண்டு கைக்கு வந்தால் முதலில் நிறத்தை எடுத்துக் கொடுத்துவிடுவோம். யாருடையது, எதற்கு என்ற கேள்விகள் எல்லாம் ஆபீஸ் ரூம்காரர்கள் பாடு. நான் செய்த காரியத்துக்கு இதைச் சமாதானமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு சமாதானம் கைவசம் இல்லை.

போன ஜூன் மாதம் பாய் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"அந்தோணி, இது கவர்மென்ட் வேல. இதுல இருக்கிற கலர அப்டியே தோல்ல எடுத்துக் குடு. நம்ம கம்பெனிக்கு நல்ல பேரு."

"இன்னா பாய் இது, டீயா?"

"யாருக்குப்பா தெரியும். நம்பர் போட்டிருக்கான், பேரு போடல."

மூன்று நாள் இழுக்கிற வேலை. எனக்கு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. முதல் கலவையிலேயே கிட்டத்தட்ட வந்துவிட்டது. கண்ணை மூடினாலும் அந்த நிறம் தெரிந்தது. என் திறமை முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பல வருடமாகத் தினமும் காலையில் என் வீட்டுப் பக்கெட்டில் பார்க்கிற நிறம் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. துண்டின் பின்பக்கம் ‘சரி’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு பாதுஷா வாங்கிப் போனதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த பாட்டில் எங்கள் தெருவிலிருந்து கிளம்பியது. அனுப்பியவர் நாலு வீடு தள்ளி இருக்கும் முனியம்மா அக்கா. ஷூ கம்பெனியில் முப்பது வருடம் அப்பர் என்கிற மேல்தோல் தைத்து ஓய்ந்தவர். எங்கள் தெருவில் நாற்பது வீடு, ஒரே கிணறு. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரைக் கிணறு. குடிக்கவும் சமைக்கவும் வாரம் இரண்டு முறை லாரியில் தண்ணீர் வரும், மற்ற எல்லாவற்றுக்கும் கிணறுதான். பைப் போட்டுக் கொடுங்கள் என்று பத்து வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். கடைசி மனுவோடு சாட்சிக்கு ஒரு பாட்டில் தண்ணீரையும் சேர்த்துக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தார்.

அந்த மனுவை நான் பிறகு படித்தேன். அதில் அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள்: ‘நான் கல்யாணமாயி வந்தப்ப கிணத்துல போட்ட நாலணா கண்ணுக்குத் தெரியும். பெரியவன் ஸ்கூலு போன வருசம் தண்ணி இளநி மாதிரி ஆச்சு. சின்னவ வயசுக்கு வந்த வருசம் தோச்ச வெள்ளத்துணி பழுத்துப் போச்சு. எங்க வூட்டுக்காரரு செத்த வருசம் தேன் கலரு. இப்ப கடை டீ மாதிரி கீது. மருமவ ஜீவா பிரசவத்துக்குக் குடியாத்தம் போனவ, பைப்பு வந்தாதான் புள்ளயத் தூக்கினு வருவேன்றா. பேரனுக்கு நாலு மாசம் ஆவுது. தயவு பண்ணி பைப்பு போட்டுக் குடுங்க.’

மனு ஆபீஸ் ஆபீஸாகப் போனது. குடிநீர்க்காரர்கள் பைப்புக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள், அதை மறைக்கக் கூடாது. பாட்டிலும் மனுவின் நகலும் மட்டும் ‘நிறம் தொடர்பானது’ என்ற குறிப்போடு வேலூரில் உள்ள நிற மரபு வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

நிற மரபு வாரியம் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் தெரியாது. நாட்டின் நிறங்களை, அவற்றின் வரலாற்றோடும் பண்பாட்டுப் பொருளோடும் பதிவுசெய்து காப்பது அதன் கடமை. தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் ‘நிறம்’ என்றால் என்ன என்பதற்கு விளக்கம் எழுதி, அதை இரண்டு முறை திருத்தியிருந்தார்கள். ஒரு நிறம்கூடப் பதிவாகவில்லை. மேலிடத்திலிருந்து ஏன் என்று கேட்டுக் கடிதம் வந்த வாரத்தில் எங்கள் பாட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. தண்ணீரைக் கோப்பில் ஒட்ட முடியாது என்பதால்தான் தோலில் எடுக்கச் சொன்னார்களாம்.

ஜூலையில் வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. என்னையும் என் மனைவி ஷர்மிளாவையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் என் தோல் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே ‘பதிவு எண் 1, பாலாற்றுப் பொன்’ என்று எழுதியிருந்தது. வாரியத்தின் இயக்குநர் வெள்ளை வெளேரென்ற சட்டையில் வந்தார். அவர் வீட்டுத் தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர் என்று அந்தச் சட்டையே சொன்னது.

"பெரியோர்களே," என்று தொடங்கினார். "நீலத்துக்கு வரலாறு உண்டு. சிவப்புக்கு வரலாறு உண்டு. மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடந்த இந்த நிறத்துக்கு இதுவரை நாதியில்லை. சங்க காலத்தில் கொன்றை பூத்ததே, அது இந்த நிறம். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்களே நம் முன்னோர், அது இந்த நிறம். ஆம்பூர் பிரியாணிக்கு இந்த நிறம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று கருதவும் இடமிருக்கிறது."

பின்வரிசையிலிருந்து பிரியாணி மாஸ்டர்கள் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். இயக்குநர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"மற்ற ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீருக்கு நிறமே இருக்காது. நிறமில்லாத தண்ணீரைக் குடித்து வளர்ந்த சமூகத்திடம் என்ன அடையாளம் இருக்க முடியும்? இதோ, ஓர் எளிய பெண்மணி தன் வாழ்க்கையையே இந்த நிறத்தால் அளந்திருக்கிறார்."

பிறகு முனியம்மா அக்காவின் மனுவைப் படித்தார். நாலணா, இளநீர், தேன், டீ என்று ஏற்ற இறக்கத்தோடு படித்தார். கடை டீ வந்ததும் நிறுத்திவிட்டார். மருமகளும் பேரனும் பைப்பும் வரவில்லை. கூட்டம் கைதட்டியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.  எழுந்து, ஐயா இது எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர், இதைப் போக்கச் சொல்லித்தான் அந்த அம்மா எழுதினார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் எழுந்தேன். நான் மேடைக்கு வரத்தான் எழுந்தேன் என்று நினைத்து இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். சால்வை போட்டார்கள். ‘நிற நிபுணர்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதுவரை யாரும் ஒரு காகிதம் கொடுத்ததில்லை. வாங்கிக்கொண்டேன். போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஷர்மிளா சால்வையை மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வாணியம்பாடி வரைக்கும் போய்விட்டிருந்தோம்.

"முனியம்மாக்கா கேட்டா இன்னாங்க சொல்லுவீங்க?" என்றாள் பிறகு.

"ஒண்ணும் ஆவாது. சும்மா விழா."

ஆகஸ்டில் வாரியத்திலிருந்து கணக்கெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முப்பத்தாறு கேள்வி. முனியம்மா அக்கா வீட்டுக்கு என்னையும் கூடவே அழைத்துப் போனார்கள்.

"இந்த நிறத்தை எந்தெந்தச் சடங்குகளுக்குப் பயன்படுத்துறீங்கம்மா?"

"இன்னா சடங்கு? குளிக்கிறோம், பாத்தரம் கழுவுறோம்."

எழுதுகிறவர் ‘தினசரி நீராட்டு, கலச சுத்தி’ என்று எழுதினார்.

"இதைப் பார்க்கும்போது மனசுல என்ன தோணுது?"

"பயமா கீது."

‘பயபக்தி’ என்று எழுதிக்கொண்டார்.

"குழந்தைகளுக்கு இந்த மரபைச் சொல்லித் தர்றீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி கேக்குறாங்க இவங்க? என் பேரன இந்தத் தண்ணியில குளிப்பாட்டக் கூடாதுன்னுதான் என் மருமவ வராம கீறா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். காபி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் வேண்டாம் என்றார்கள். எந்தத் தண்ணீரில் கழுவிய டம்ளர் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதன்பிறகு விதிகள் வந்தன. கிணற்றிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் யாரும் நிறத்துக்கு ஊறு செய்யக் கூடாது. எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர் தெளிவதற்குப் பானையில் படிகாரத்தை உரசுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை வாரிய ஆட்கள் வந்து வீடு வீடாகப் படிகாரத்தைப் பறிமுதல் செய்தார்கள். சலூன்காரரின் படிகாரத்தையும் விடவில்லை. அவர் அது முகத்துக்கு என்றார். நோக்கம் பிறகு விசாரிக்கப்படும் என்று ரசீது கொடுத்தார்கள்.

செப்டம்பரில் பைப் வந்தது. ஜேசிபி வைத்துப் பள்ளம் தோண்டிக்கொண்டே சர்ச் முனை வரைக்கும் வந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு இன்னும் எழுபது அடி. முனியம்மா அக்கா அன்றைக்கே குடியாத்தத்துக்கு போன் போட்டார். "ஜீவா, மூட்ட கட்டுமா. பைப்பு வந்துருச்சு" என்று அவர் பேசியது தெருவுக்கே கேட்டது. மறுநாள் வேலை நின்றது. வாரியத்தின் தடையின்மைச் சான்று இல்லையாம். தெளிந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் மக்கள் கிணற்றை விட்டுவிடுவார்கள், மரபைப் புழங்க ஆள் இல்லாமல் போகும், புழங்க ஆளில்லாத நிறம் செத்த நிறம் என்று வாரியம் எழுதியிருந்தது. கடிதத்தோடு சான்றாக என் தோல் துண்டின் பின்பக்க நகல் இணைக்கப்பட்டிருந்தது. ‘சரி’ என்று என் கையெழுத்து.

அதே வாரம் என் வீட்டுக்கு ஒரு பெரிய ஃபில்டர் மெஷின் வந்து இறங்கியது. நிபுணரின் கண்ணும் நாக்கும் கறைபடாமல் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று வாரியமே அனுப்பியது. நாற்பது வீட்டில் ஒரு வீட்டில் மட்டும் கண்ணாடி மாதிரி தண்ணீர். திருப்பி அனுப்பலாம் என்று ஷர்மிளா சொன்னாள். நாளைக்கு அனுப்பலாம் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்று அது சுவரிலேயே நின்றுவிட்டது. ஷர்மிளா தண்ணீர் பிடிக்கும்போது தெருக்கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த மெஷின் ஓடினால் குருவி மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க டிவியைப் போட்டுவிடுவாள். முன்னெல்லாம் அக்கம்பக்கத்தார் சர்க்கரை, காப்பித்தூள் என்று எதையாவது கேட்டு வருவார்கள். அதன்பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்டு வரவில்லை.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள். பாலாற்றில் தண்ணீர் ஓடியது. அதைப் பார்க்க ஆம்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எங்கள் கிணற்றில் மூன்று உறை உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. ஏற ஏற நிறம் வெளுத்தது. டீ இறங்கித் தேனாயிற்று, தேன் இறங்கி இளநீர் பக்கம் போனது. பிள்ளைகள் கிணற்றைச் சுற்றியே நின்றார்கள்.

வாரியத்தின் விதிப்புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. பதிவான ஆறு மாதத்துக்குள் களச் சோதனை நடத்த வேண்டும். நிறம் சாம்பிளோடு பொருந்தாவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் தடையும் ரத்து, பைப்புக்காரர்கள் மறுநாளே வந்துவிடுவார்கள். நவம்பர் பன்னிரண்டு காலை பத்து மணிக்குச் சோதனை என்று கடிதம் வந்தது. பொருந்துகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்: நிபுணர் அந்தோணி.

பதினொன்றாம் தேதி காலையில் முனியம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"தம்பி, உன்ன ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. கண்ணுக்கு இன்னா தெரியுதோ அதச் சொல்லு. அவ்ளோதான்."

"சொல்றேன்கா. சத்தியமா சொல்றேன்."

"நீ சொல்லுவன்னு தெரியும். அதான் ஜீவாவ நாளைக்கே கெளம்பி வரச் சொல்லிட்டேன்."

 நாலு மாதத்தில் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

மறுநாள் தெருவே கிணற்றடியில் இருந்தது. வெயில் நன்றாக அடித்தது, ஷேடு பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. இயக்குநர் இரண்டு கார் ஆட்களோடு வந்தார். உமர் ஃபாரூக் பாயும் மரியாதைக்காக வந்திருந்தார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்தார்கள். பக்கத்தில் என் தோல் துண்டு.

குனிந்து பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை.

"மேட்ச் இல்ல சார்" என்றேன்.

பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. யாரோ ஒரு பெண் ‘ஆண்டவரே’ என்றாள். முனியம்மா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் நான் நல்லவனாக இருந்தேன். அந்த நிமிடத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இயக்குநர் கோபப்படவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு நிதானமாகக் கேட்டார்.

"எவ்வளவு வித்தியாசம்?"

ஷேடு பார்க்கிறவன் ‘மேட்ச் இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க முடியாது. எவ்வளவு இல்லை என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லியிருக்கிறேன்.

"மஞ்சள் ரெண்டு பாயிண்ட் கம்மி சார். பிரவுன் ஒண்ணர. செவப்பு லேசா ஒதுங்கியிருக்கு."

"சரிசெய்ய முடியுமா?"

வெளிநாட்டுக்காரன் கேட்பான், மானேஜர் கேட்பார், பாய் கேட்பார். கேட்கிற குரல் மாறும், பதில் மாறாது. யோசித்துச் சொல்கிற பதில் இல்லை அது, இருமல் வருகிற மாதிரி வந்துவிடும். வந்துவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள பண்ணிடலாம் சார்."

பாய் பெருமையாகத் தலையை ஆட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஆட்டுவதை நிறுத்தினார்.

இயக்குநர் எழுதினார், எழுதியதை உரக்கப் படித்தார். "நிறத்தில் பருவம் சார்ந்த சிறு தளர்ச்சி காணப்பட்டது. உள்ளூர் நிபுணரே முன்வந்து செப்பனிட ஒப்புக்கொண்டார். மக்கள் பங்கேற்புடன் மரபு உயிர்ப்போடு இருப்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பதிவு தொடர்கிறது." பிறகு எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "இப்படிப்பட்ட மக்கள் இருக்கும்வரை எங்கள் வாரியத்துக்கு வேலை இல்லாமல் போகாது" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

முனியம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"ஏன் தம்பி, ஏத்தறதுக்கு சாயங்காலம் வரைக்கும் போதும்ன்ற. எறக்கறதுக்கு எத்தினி நாளு ஆவும்? அத யாராச்சும் உன்ன கேட்டாங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் இயக்குநர் சொன்னார்: "இறக்குவதற்கு விதியில் இடமில்லையம்மா."

தோலிலும் அப்படித்தான், ஒருமுறை ஏற்றிய நிறத்தை இறக்க முடியாது. ஆனால் அவர் கேட்டது தோலைப் பற்றி இல்லை.

சார், வாய் தவறிச் சொல்லிவிட்டேன், என்னால் முடியாது என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது. அதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஆம்பூர் போகிற வழியெல்லாம் பாயின் காரில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.  கெமிக்கல் ரூமில் சாயத்தை நிறுக்கும்போதும் யோசித்தேன். திரும்பி வந்து வாளியில் கரைத்து, கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் டம்ளரில் எடுத்துப் பார்த்தேன். ஐந்தரைக்கு நிறம் அச்சாக வந்துவிட்டது. நல்ல வேலை. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அது சுத்தமான வேலை. அப்படி ஒரு நினைப்பு எனக்கு அந்த இடத்தில் வந்தது என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

கை கால் கழுவாமல் வீட்டுக்கு நடந்தேன். சர்ச் முனையில் தண்ணீர் லாரி வந்திருந்தது. பெண்கள் குடங்களோடு தெருவை அடைத்து நின்றார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குடியாத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஜீவா, மடியில் பிள்ளையோடு பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். தெருவுக்குள் வரவில்லை. திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது போலிருக்கிறது. முனியம்மா அக்கா குடத்தோடு இந்தப் பக்கமே நின்றபடி பேரனுக்குக் கையால் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எல்லாரும் திரும்பினார்கள். யாராவது திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முனியம்மா அக்கா தன் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"ஒத்துங்கடி" என்றார் மற்றவர்களிடம். "வழி வுடுங்க. சார் போவட்டும்."